துணிச் சுவர்

நுழையும்முன்

வெளியூர் செல்லும்போது எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பது எல்லாருக்கும் எழும் கேள்வி. இங்கிலாந்தின் வடபகுதியில் வாழும் தமிழ்ச் செவிலியர் ஒருவரின் குடும்பம், சக்கரங்களின் மேல் ஓடும் வீட்டை விற்றுவிட்டு, இரண்டு நாய்களுடன் கூடாரத்துக்கு மாறியது. அந்த மாற்றத்தை அவரே எழுதுகிறார்.

சக்கரங்களின் மேல் ஒரு வீடு

எங்கள் வண்டியில் இரண்டு அடுப்புகள், ஒரு குளிர்பெட்டி, ஒரு கழிப்பறை, கைகளை விரித்தால் இரு சுவர்களும் தட்டுப்படும் குளியலறை, இரவில் கட்டிலாக மாறும் மேசை, ஏழு சன்னல்கள் ஆகியவை இருந்தன. ஆங்கிலேயர் இதனை மோட்டார்ஹோம் என்பர். நம் ஊரில் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆனால், இங்கே இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கப்படுவது கேரவன்; தன் எஞ்சினால் தானே ஓடுவது மோட்டார்ஹோம். இந்த வேறுபாடெல்லாம் நமக்கு எதற்கு என்று என் கணவர் அதற்கு ‘வீட்டு வண்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்.

விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் பிறந்த நான், செவிலியர் பணிக்காக லீட்ஸ் நகருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் ஏழு கோடைகள் அந்த வண்டியில் கழிந்தன. கோடை என்றவுடன் கரிசல்காட்டுக் கோடையை எண்ணிவிடக் கூடாது. வட இங்கிலாந்தின் மலைப்பகுதிகளில் ஜூன் மாதத்து இரவிலும் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்கிவிடும். மழை நாள் பார்த்து வருவதில்லை. அத்தகைய நாட்டில் சுவரும் கூரையும் வெப்பமூட்டியும் உடன் வருகின்ற பயணம் எங்களுக்குப் பெரும் வரமாகத் தோன்றியது. வண்டியை வாங்கியபோது மகள் பள்ளிச் சிறுமி. மணிக்கு மூன்று வயது. மணி என்பது எங்கள் நாய். பார்டர் கோலி என்னும் ஆடு மேய்க்கும் இனத்தின் கலப்பு. கடல் கடந்து வந்தாலும் நாய்க்கு மணி என்ற பெயர்தான் என் வாயில் வந்தது.

மகிழ்வுலாவுக்கு என்றே செய்யப்பட்ட இத்தகைய வண்டிகளின் வரலாற்றில், தொடக்கத்திலேயே ஒரு நாய் இருக்கிறது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் பிரித்தானியக் கடற்படையில் மருத்துவராக இருந்தவர். சிறுவர்களுக்கான கதைகள் எழுதியவர். அவர் 1885இல் ‘வாண்டரர்’ என்ற பெயரில், அதாவது ‘நாடோடி’ என்ற பொருளில், குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைப் பிரிஸ்டல் நகரில் செய்வித்தார். அதில் இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகர் வரை சென்றார். நியூஃபவுண்ட்லாந்து இனத்துப் பெரிய நாய் ஒன்றும் ஒரு கிளியும் அவருடன் சென்றன. வண்டியோட்டி ஒருவரும் பணியாளர் ஒருவரும்கூடச் சென்றனர். பணியாளர்கள் புடைசூழச் சென்றவர் நாடோடி என்று பெயர் வைத்துக்கொண்டதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

எடைக் கணக்கு

வீட்டு வண்டியில் செல்பவர் முதலில் கற்கும் பாடம் எடைக் கணக்கு. பிரித்தானியாவில் 1997 ஜனவரி 1க்கு முன்னர் கார் ஓட்டுநர் தேர்வில் வென்றவர்கள் 7,500 கிலோ வரை எடையுள்ள வண்டியை ஓட்ட உரிமை பெற்றனர். அதன் பின்னர் வென்றவர்களுக்கு வரம்பு 3,500 கிலோ. நாங்கள் இருவரும் பின்னர் வந்தவர்கள். எங்கள் வண்டி வெறுமையாக நிற்கும்போதே 3,050 கிலோ. எஞ்சிய 450 கிலோவுக்குள் மூன்று மனிதரும், ஒரு நாயும், எரிவாயு உருளைகளும், தண்ணீரும், அரிசியும், மழைக்காலணிகளும் அடங்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருந்தாலும், அதன் பொருள் எனக்கு எடைமேடையில்தான் விளங்கியது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் என் கணவர் ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்டுவார். தண்ணீர் 60, எரிவாயு 22, மணி 21 என்று எண்கள் வரிசையாக நிற்கும். எரிவாயு உருளைக்கு அடுத்த வரியில் மணி.

பயணத்தின்போதும் மணியின் நிலை ஏறத்தாழ அதுவே. ஓடும் வண்டியில் நாயை வாரினால் பிணைத்தோ கூண்டில் வைத்தோதான் கொண்டுசெல்ல வேண்டும் என்பது இந்நாட்டுச் சாலை விதி. ஏழு சன்னல்கள் இருந்தும், மணியின் கூண்டிலிருந்து பார்த்தால் வானத்தின் ஒரு துண்டுதான் தெரியும். சென்று சேர்ந்ததும் வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் ஆப்பு வைத்து, மின்கம்பியைப் பூட்டி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, கழிவுத் தொட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். “அம்மா, இது விடுமுறையா? வீட்டு வேலையை வேறு ஊரில் போய்ச் செய்வதா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது; அந்த வயதில் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை சொல்வது எளிதன்று.

வெயில் நாளில் வேறொரு சிக்கல். வெளியே 22 பாகை வெப்பம் இருக்கும்போது, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்துக்குள் 47 பாகை வரை ஏறிவிடலாம் என்று இங்குள்ள விலங்கு நல அமைப்புகள் எச்சரிக்கின்றன. நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். ஆகவே, கடைக்கோ அருங்காட்சியகத்துக்கோ போனால் எங்களில் ஒருவர் மணியுடன் வெளியே நிழலில் நிற்போம். கோட்டைகள் பலவற்றின் வாசலை மட்டுமே பார்த்தவள் நான்.

இவற்றையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. முழங்கால் நோயுள்ளவர்கள், நள்ளிரவில் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள், கைக்குழந்தை உடையவர்கள் எனப் பலரும் அத்தகைய வண்டியால்தான் மலையையும் கடலையும் பார்க்கின்றனர். எங்களுக்கும் அது ஏழு ஆண்டுகள் நல்ல வீடாகவே இருந்தது. மாலையானதும் திரைகளை இழுத்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போடுவோம். கதவருகே படுத்திருக்கும் மணி சிலவேளை எழுந்து நின்று உறுமும். வெளியே நரி போனதோ, முள்ளெலி போனதோ, மனிதர் யாரேனும் நடந்தனரோ, உள்ளே இருந்த எங்களுக்கு அது வெறும் உறுமல். “சும்மா இரு, மணி” என்போம். அதுவும் படுத்துக்கொள்ளும்.

செவலை

ஏழாவது ஆண்டில் செவலை வந்தது. ஓட்டப்பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டு இனத்துப் பெண் நாய். பிரித்தானியப் பந்தயத் திடல்களில் ஓடும் இவ்வினத்து நாய்களுள் பெரும்பாலானவை அயர்லாந்தில் பிறந்தவை. நான்கைந்து வயதுக்குள் அவற்றின் பந்தய வாழ்க்கை முடிந்துவிடும். பிறகு அவற்றுக்கு வீடு தேடித் தரும் காப்பகங்கள் நாடெங்கும் இருக்கின்றன. செவலையின் இரு காதுகளுக்குள்ளும் பச்சை மையில் அடையாள எழுத்துகள் குத்தப்பட்டிருந்தன. காப்பகத்தில் அதைப் பார்த்தவுடன் எனக்கு ஊர் நினைவு வந்தது. ஒடுங்கிய முகம், உள்வாங்கிய வயிறு, வில்லாக வளைந்த முதுகு எனச் சிப்பிப்பாறை நாயின் அதே வாகு. நிறமும் செம்மண். செவலை என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பந்தய நாய்களுக்குக் கொட்டிலும் திடலும்தான் உலகம். படிக்கட்டு, கண்ணாடிக் கதவு, வழுக்கும் தரை ஆகியவற்றைப் பல நாய்கள் அதுவரை பார்த்தே இருப்பதில்லை. வண்டியின் வாசலில் இருந்த கம்பி இழைத்த இரண்டு படிகளைக் கண்டு செவலை நடுங்கி நின்றது. மணியோ இடுப்பு மூட்டு தேய்ந்து அதே படிகளில் தடுமாறத் தொடங்கியிருந்தது. இரண்டையும் ஒவ்வொரு முறையும் தூக்கி ஏற்றினோம். உள்ளே வந்ததும் செவலை கால்களை நீட்டிப் படுத்தால் நடைவழி அடைபட்டுவிடும். குறிப்பேட்டில் ‘செவலை 28’ என்று புதிய வரி சேர்ந்தது. மகள் அந்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருந்ததால் கணக்கு எப்படியோ சரியாயிற்று.

அந்த ஆண்டின் இறுதியில் வண்டியின் பின்சுவருக்குள் மழைநீர் கசிந்து மரச்சட்டத்தை இற்றுப்போகச் செய்திருப்பது தெரியவந்தது. பழுதுபார்க்கக் கேட்ட தொகை, வண்டியின் மதிப்பில் கால் பங்கு. காப்பீடு, சாலை வரி, ஆண்டுச் சோதனை, நிறுத்துமிடக் கட்டணம் ஆகியவை வேறு. ஆண்டுக்கு இருபத்தைந்து இரவுகள் உறங்கும் வீட்டுக்கு எஞ்சிய முந்நூற்று நாற்பது இரவுகளும் வாடகை கட்டிக்கொண்டிருந்தோம். பழுதைச் சொல்லியே குறைந்த விலைக்கு விற்றோம். கொடுப்பதற்கு முதல்நாள் என் கணவர் வண்டியைக் கழுவித் துடைத்தார். அன்று அவர் அதிகம் பேசவில்லை.

துணிச் சுவருக்குள் நால்வர்

கூடாரத்தில் தங்குவது என்று முடிவெடுத்ததைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா, “ஏம்மா, வீடு வாசல் இருக்கையில எதுக்கு வெட்டவெளியில போய்ப் படுக்கிறீங்க? அதுவும் அந்தக் குளிருல!” என்றார். வறுமையால் வீதியில் படுப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பானது. தமிழுக்குக் கூடாரம் புதியதன்று. பாசறை, பாடிவீடு என்ற சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. முல்லைப்பாட்டில் மழைக்காலக் காட்டில் அமைந்த பாசறையை விரிவாகப் பார்க்கிறோம். ஆனால், அவை போருக்குச் சென்றவர்களின் கூடாரங்கள். பொழுதுபோக்குக்காகக் கூடாரம் அடிக்கும் வழக்கத்தை இந்நாட்டில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்னும் தையற்கலைஞர். அவர் முயற்சியால் 1901இல் மிதிவண்டியில் சென்று கூடாரமிடுவோரின் சங்கம் தோன்றியது. மிதிவண்டியில் கட்டிச் செல்லும் அளவுக்கு இலேசான கூடாரம் வேண்டுமென்றால் தையற்காரர்தானே அதற்கு வழி காண முடியும்!

மே மாத இறுதியில் வார்ஃப்டேல் என்னும் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரைப் புல்வெளி ஒன்றில் எங்கள் முதல் கூடாரம் எழுந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, வாசலை அதற்கு எதிர்ப்புறம் வைத்தோம். முளைகளைச் சாய்வாக அடித்தார் கணவர். நேராக அடித்த முளையைக் கயிறு எளிதில் பிடுங்கிவிடும். கயிற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தலை சாய்ந்த முளை மண்ணை இறுகப் பற்றும். மாட்டுக்கு முளையடித்துப் பழகிய கை அவருக்கு. பெரியதொரு சிவப்புக் கூடாரம் நிமிர்ந்து நின்றபோது மணி அதை ஒருமுறை சுற்றி வந்தது. படிகள் இல்லை. செவலை வாசலில் தலையை நீட்டி முகர்ந்துவிட்டு, யாரும் அழைக்காமல் உள்ளே போய்ப் படுத்தது.

இருட்டியதும் குளிர் கீழிருந்து வந்தது. கூடாரத்தில் புதிதாகப் படுப்பவர்கள் மேலே போர்த்துவதற்கே கவலைப்படுவர். உடலின் வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சுவது தரை. ஆகவே மெத்தைக்கு அடியிலும் கம்பளி வேண்டும். செவலைக்குத் தோலடிக் கொழுப்பு மிகக் குறைவு, முடியும் மெல்லியது. அதற்குக் கழுத்து முதல் வால் வரை மூடும் கம்பளிச் சட்டை தைத்திருந்தேன். நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை. நம்மைவிடச் சற்றுக் கூடுதல். நள்ளிரவுக்குள் செவலை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்துவிட்டது. யார் யாருக்கு வெப்பம் கொடுத்தோம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. விடியலில் துணியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் நின்றன. நால்வரின் மூச்சிலிருந்த ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருந்தது.

அந்த இரவில் நான் அதிகம் உறங்கவில்லை. ஆற்றின் ஓசை, ஆந்தை, தொலைவில் ஓர் ஆடு, அருகே எதுவோ புல்லைக் கொறிக்கும் ஒலி எல்லாம் தலைமாட்டிலேயே கேட்டன. ஒவ்வோர் ஒலிக்கும் என் நெஞ்சு துடித்தது. அப்போதுதான் மணியைக் கவனித்தேன். ஆந்தைக்கு அதன் காது அசையவே இல்லை. ஆட்டுக்கு ஒரு காது மட்டும் திரும்பியது. கொறிக்கும் ஒலிக்குத் தலையைத் தூக்கி, முகர்ந்து, மீண்டும் வைத்துக்கொண்டது. பிறகு, எனக்கு எதுவுமே கேட்காத நேரத்தில் எழுந்து வாசலை நோக்கி நின்றது. சற்று நேரம் கழித்து ஈரப் புல்லில் காலடி ஓசை. கழிப்பறைக்குச் செல்லும் யாரோ ஒருவர். அவர் கடந்து போனதும் மணி படுத்தது. மனிதச் செவி நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுகள் வரை உணரும். நாயின் செவி நாற்பதாயிரத்துக்கும் மேல் உணரும். பாடநூலில் படித்திருந்த இந்த எண்ணை, தலையணைக்கு ஒரு முழ தூரத்தில் கண்டேன். மூன்றாம் இரவிலிருந்து நான் ஒலிகளைக் கேட்பதை நிறுத்திவிட்டு மணியின் காதுகளைப் பார்க்கப் பழகினேன். அது அசையாதவரை எனக்கும் கவலை இல்லை. ஏழு ஆண்டுகள் எடைப் பட்டியலில் இருந்த நாய், இப்போது எங்களுக்குக் காவலும் செய்தியுமாக இருந்தது.

ஆடுகளின் நாடு

வண்டி போக முடியாத இடங்களுக்கெல்லாம் இப்போது போக முடிந்தது. ஏரி மாவட்டத்தில் ஹார்ட்நாட் என்றொரு கணவாய் உண்டு. மூன்று அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏறும் அளவுக்குச் செங்குத்தான ஒற்றைச் சாலை. சிறிய காரில் நாய்களையும் கூடாரத்தையும் ஏற்றிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி அதைக் கடந்தோம். மேற்குச் சரிவில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமானியர் கட்டிய கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன. அங்கே காவலிருந்த படைப்பிரிவு, இன்றைய குரோவேசியக் கடற்கரைப் பகுதியான டால்மேஷியாவிலிருந்து திரட்டப்பட்டது. எட்டு வீரருக்கு ஒன்று என்ற கணக்கில் தோலால் தைத்த கூடாரங்களை உரோமானியப் படைகள் கொண்டு சென்றன. வெயில் காயும் கடலோரத்தில் பிறந்து, இந்த மழைமலைக்கு வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்களின் தாய்மாரும் அம்மா கேட்டதையே கேட்டிருப்பர்.

கணவாய்க்குக் கீழே எஸ்க்டேல் பள்ளத்தாக்கு. அம்மலைகள் ஹெர்ட்விக் ஆடுகளுக்கு உரியவை. கறுப்பாகப் பிறந்து, வயது ஏற ஏறச் சாம்பல் நிறமாகும் ஆடுகள். வேலியில்லாத மலையில் தம் மந்தைக்குரிய மேய்ச்சல் எல்லையைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. அவ்வாறு பழகிய மந்தையை நிலத்தோடு சேர்த்தே விற்பது இங்குள்ள வழக்கம். சிறுவயதில் எங்கள் ஊர்க் காட்டில் கிடை போடும் கீதாரிகளைப் பார்த்திருக்கிறேன். அறுவடை முடிந்த நிலத்தில் இரவெல்லாம் ஆடுகளை அடைத்து வைத்துவிட்டு, நாயைக் காலடியில் படுக்க வைத்து வானத்தின் கீழ் உறங்குவர். அவர்களிடம் அம்மா ஒருநாளும் ‘எதுக்கு வெட்டவெளியில’ என்று கேட்டதில்லை.

ஆடுகளின் நாட்டில் நாயோடு செல்பவருக்குக் கடமைகள் உண்டு. பொதுமக்கள் நடமாட உரிமையுள்ள மேய்ச்சல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடிக்க வேண்டும். கால்நடைகளின் அருகில் ஆண்டு முழுவதும் அவ்வாறே. தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் சினை ஆடுகளுக்கும் பாதுகாப்பான காலம் அது. ஆடுகளைத் துரத்தும் நாயை வேறு வழியில்லாத நிலையில் உரிமையாளர் சுட்டால், 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. செவலை கண்ணால் வேட்டையாடும் இனம். ஓடுவது எதுவாயினும் அதன் உடம்பு தானாகத் துரத்தும். வண்டிக்குப் பூட்டிய கதவு இருந்தது. கூடாரத்துக்கு ஒரு பல்லிழைப் பட்டை மட்டுமே. ஆகவே இரவில் செவலையின் கழுத்துவாரைக் கணவர் தம் இடுப்புப் பட்டையில் கோத்துக்கொண்டே உறங்குவார். ஒவ்வொரு மாலையும் இரண்டின் உடலையும் தடவி உண்ணி இருக்கிறதா என்று பார்ப்போம். இங்குள்ள உண்ணிகள் லைம் என்னும் நோயை மனிதருக்கும் நாய்க்கும் பரப்பக்கூடியவை.

மழை இரவு

எஸ்க்டேலுக்கு மறு ஆண்டும் சென்றோம். அந்த மலைத்தொடருக்கு அப்பாலுள்ள சீத்வெயிட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் ஒரு பங்கு அன்றிரவு எங்கள் மேல் பெய்தது. மாலை ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு கடந்தும் ஓயவில்லை. நனைந்த நைலான் துணி நெகிழ்ந்து தொங்கும். கணவர் இருமுறை வெளியே சென்று கயிறுகளை இழுத்துக் கட்டி வந்தார். நனைந்த நாயின் நாற்றத்தைப் பற்றி எழுதினால் பாடம் நீண்டுவிடும்.

பக்கத்தில் மாணவர் நால்வரின் கூடாரம். மாலையில் தகரத் தட்டில் கரியடுப்பு மூட்டி உணவு சமைத்துக்கொண்டிருந்தனர். நள்ளிரவில் செவலை எழுந்து, அவர்கள் இருந்த பக்கத்துத் துணியில் மூக்கை வைத்து விடாமல் முகர்ந்தது. நானும் அந்தப் பக்கம் காது கொடுத்தேன். மழைக்கு நடுவே பேச்சு கேட்டது. ஒரு பெண் குளிரில் அழுகிறாள். அடுப்பை உள்ளே கொண்டுவரலாம், நெருப்பு அணைந்துவிட்டது, சூடு மட்டும்தான் இருக்கிறது என்று ஓர் இளைஞன் சொல்கிறான். பிறகு தகரம் தரையில் உரசும் ஓசை.

கனலாக இருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிப்படும். நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஈமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணைந்துகொள்ளும். தலைவலியும் உறக்கமும் வரும். குளிரில் களைத்தவர்கள் அதை வெறும் உறக்கம் என்றே நினைப்பர். இந்நாட்டுக் கூடாரங்களில் இவ்வாறு இறந்தவர்கள் உண்டு. செவிலியர் வேலையில் எனக்கு இது தெரியும். மழைக்கோட்டைக்கூட எடுக்கவில்லை. ஓடிப்போய் அவர்கள் வாசலைத் திறந்தேன்.

“அடுப்பு அணைந்துவிட்டது” என்றான் அந்த இளைஞன்.

“அணையவில்லை, தம்பி. முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள். மற்றதை அப்புறம் சொல்கிறேன்.”

ஆங்கிலத்தில் பேசினாலும் அந்தத் ‘தம்பி’ தமிழில்தான் வந்தது. அவனுக்குப் புரிந்திருக்காது, எனினும் வெளியே வந்தான். தகரத் தட்டை மழையில் கவிழ்த்தபோது, அணைந்துவிட்டதாகச் சொன்ன கரி சீறிப் புகைந்தது. யாருக்கும் தலைவலி இல்லை. கொண்டுவந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. கூடாரத்தின் துணியைத் திறந்து காற்றோட விட்டோம். பிறகு நால்வரையும் எங்கள் கூடாரத்துக்கு அழைத்து வந்தோம். நான்கு பேருக்கான கூடாரத்தில் ஆறு மனிதர், இரண்டு நாய்கள். கணவர் வாசலுக்கு வெளியே குடையின் கீழ் சிறிய அடுப்பை வைத்துத் தேநீர் போட்டார். அழுதுகொண்டிருந்த பெண்ணின் மடியில் செவலை தன் நீண்ட முகத்தை வைத்தது. அவள் அதன் காதைத் திருப்பிப் பச்சை எழுத்துகளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். விடியும்வரை பந்தய நாய்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கணவர் பின்னர் ஒருநாள், “வண்டிக்குள்ள இருந்திருந்தா நமக்குக் கேட்டிருக்குமா?” என்றார். தகரக் கூரையில் மழை பறை கொட்டும், வெப்பமூட்டியின் விசிறி ஓடும், திரைகள் மூடியிருக்கும். நான் பதில் சொல்லவில்லை. அவரும் விடைக்காகக் கேட்கவில்லை.

அந்த இரவு முழுவதும் மணி அசையாமல் உறங்கியது. நான் எழுந்து ஓடியதும், நால்வர் உள்ளே வந்ததும் அதற்குத் தெரியாது. அப்போதுதான் அதன் செவி மங்கிவிட்டது எங்களுக்குப் புரிந்தது. ஊர் திரும்பியதும் கால்நடை மருத்துவர் பார்த்தார். முதுமையால் வந்த செவிட்டுத்தன்மை, மருந்தில்லை என்றார்.

இந்த ஆண்டு மணிக்குப் பதின்மூன்று வயது. கோடைக்கு முன்னர் வீட்டில் பேச்சு நடந்தது. மணியை நாய் விடுதியில் விட்டுச் செல்லலாம், அங்கே படுக்கையும் வெப்பமும் இருக்கும் என்று மகள் சொன்னாள். வாடகைக்கு ஒரு வீட்டு வண்டி எடுக்கலாமா என்று கணவர் ஒரு மாலை முழுவதும் கணக்குப் போட்டார். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து சுற்றும் காது கேளாத நாய்க்கு, புதிய கொட்டிலில் தெரியாத மனிதரின் நடுவில் என்ன புரியும்? படிகளில் அதை யார் ஏற்றுவது? குறிப்பேட்டை மூடினார். அலமாரியிலிருந்து கூடாரத்தை இறக்கினோம்.

வார்ஃப்டேலில் அதே ஆற்றங்கரைப் புல்வெளி. இப்போது நான் பார்ப்பது செவலையின் காதுகளை. மெல்லிய அந்தக் காதுகள் மடங்கியே கிடந்து, வேண்டும்போது மட்டும் நிமிர்கின்றன. மணிக்கு வாசலை ஒட்டி இடம் மாற்றியிருக்கிறோம். வெளியே செல்ல எழுந்தால் யாரையும் மிதிக்காமல் போகலாம். கூப்பிட்டால் கேட்காது என்பதால், அதன் மார்புப் பட்டையிலிருந்து ஒரு மெல்லிய நூற்கயிற்றை எடுத்து என் இடக்கை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுக்கிறேன். அது எழுந்தால் கயிறு இழுபடும். நானும் எழுந்து, காலணியைத் தேடி மாட்டிக்கொண்டு, அதன் பின்னே ஈரப்புல்லில் நடக்கிறேன்.